அக்கா மகன் அடித்த கோல்கள்

செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகிற பஸ்ஸில் இன்று அக்கா மகன் பாபுவை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு ஏறினேன். கண்டக்டரே கைதட்டினார்! அக்கா பின்னாலிருந்து அவன் கால்களைத் தாங்கிக்கொண்டு வந்தாள், அது வேறு விஷயம்.

பாபுவுக்குத் தசைச் சிதைவு நோய். பன்னிரண்டு வயதாகிறது, நடை நின்றுவிட்டது.

பக்கத்து சீட் மீன்கார அம்மா கேட்டார்: "புள்ள காலுக்கு இன்னாப்பா ஆச்சி?"

"ஃபுட்பால் மேட்ச்சும்மா. அஞ்சு கோல் போட்டான், கால் பிசகிக்கிச்சி. அடுத்த மாசம் ஓடுவான்."

"ஓடட்டும்பா" என்று அவன் முழங்காலைத் தடவிக் கொடுத்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அடுத்த மாதம் வந்தேவிடும் போல எனக்கும் இருந்தது.

இறங்கியதும் அக்கா பிடித்துக்கொண்டாள்: "ஏன்டா, போற எடமெல்லாம் பொய்யி சொல்லிகினு கீற?"

என் தோளில் சாய்ந்திருந்த பாபு சொன்னான்: "வுடும்மா. மாமா, போன வாட்டி ஏழு கோல் சொன்ன. கொறைக்காத."

அலை வரைக்கும் தூக்கிப் போனேன். அலை வந்து அவன் கால்களை நனைத்தது. பிறகு, "அடுத்த வாட்டி நீச்சல்னு சொல்லு மாமா. ஃபுட்பால் போர் அடிக்கிது" என்றான்.

நீந்தும்போது கால் எப்படிப் பிசகும்? விஷயம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே பஸ்ஸில் போகிறோம்.