வாசலைத் தாண்டாத குப்பை

எங்கள் அப்பாவுக்குச் சகுனம் பார்க்கிறவர்களைக் கண்டால் ஆகாது. அவர்களைச் சீண்டிப் பார்ப்பதில் அவருக்கு அலாதி சந்தோஷம். பெண் பார்க்கவோ பத்திரம் பதியவோ யாராவது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினால் போதும். நாலு எட்டு வைக்கிறவரை பொறுத்திருந்து, பின்னாலிருந்து, "என்ன மாமா, எங்கிட்டுக் கெளம்பியாச்சு?" என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிடுவார். போகிறவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார். அன்றைக்கு அப்பாவுக்கு இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

ஆத்தா நேர் எதிர். அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். பூனை, பல்லி, ஒற்றைத் தும்மல் எல்லாம் அவளைப் பயமுறுத்தும். பயம் வந்தால் அவள் சாமி படத்தைப் பார்க்கமாட்டாள், அப்பா முகத்தைத்தான் பார்ப்பாள். அவர் சிரித்துவிட்டால் அந்தப் பயம் தீர்ந்தது. இத்தனைக்கும் அவரை நாத்திகம் பேசுகிற மனுஷன் என்று திட்டிக்கொண்டே இருப்பாள். இருவருக்கும் இடையில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது அவர்களுக்கே தெரியுமோ என்னவோ.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்தான். திருச்சிக்குப் போய் நெஞ்சை அளக்கக் கொடுத்துவிட்டு வந்தவனைப் பெங்களூருக்கு ட்ரெய்னிங் வரச் சொல்லிவிட்டார்கள். ஆத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "மறுபடியும் சண்டை வந்துருமாங்க?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"வரட்டுமே. ஒன் மகன் குறட்டைச் சத்தத்தக் கேட்டா, சீனாக்காரன் பீரங்கின்னு நெனச்சு ஓடிருவான்" என்றார் அப்பா.

ஆத்தா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் மகனை அனுப்பச் சம்மதித்தாள். இந்த மனுஷன் பயப்படாதவரை தன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவள் நம்பினாள்.

கிளம்புகிற அன்று அண்ணனின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை வாங்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அது இல்லாமல் ட்ரெய்னிங்கில் சேர்க்கமாட்டார்கள். திருநீறு பூசி, பால் குடிக்க வைத்து, தலையைத் தடவி அனுப்பினாள். அண்ணன் ட்ரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டான். புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். புத்தகம் சாமியிடமே இருந்துவிட்டது.

வீட்டில் நடந்ததை ஆத்தா பிறகு சொன்னாள். புத்தகத்தைப் பார்த்ததும் எடுத்து அப்பா கையில் திணித்தாளாம். "ஓடுங்க. ஆனா பின்னால இருந்து மட்டும் கூப்பிட்டுறாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாளாம். "கூப்பிட்டா வானமா இடிஞ்சு விழுகப்போகுது?" என்று சொல்லிக்கொண்டே அப்பா ஓடி வந்திருக்கிறார்.

இலுப்பூர் ரோட்டுக்குப் போகும் பாதை எங்கள் கண்மாயைச் சுற்றிக்கொண்டு கரைமேல் போகும். அண்ணன் முன்னால் நடந்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஆத்தா அவனிடம்தான் சொல்லியிருந்தாள், என்னிடம் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். கூப்பிடுகிற தூரத்தில் அப்பா வந்துகொண்டிருந்தார். கையில் புத்தகம். வாயைத் திறந்தார். ஊரையே பின்னாலிருந்து கூப்பிட்ட வாய் அது. சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்து, பேசாதே என்று விரலை உதட்டில் வைத்தார். கரையிலிருந்து சரிந்து, வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கி, கருவேலஞ்செடிகளுக்கு நடுவே குறுக்கே ஓடத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்குப் பயம் வரும் என்பதையே நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கரை முடிகிற இடத்தில் அவர் எங்களுக்கு எதிரே வந்து நின்றார். மூச்சு வாங்கியது. வேட்டி கிழிந்திருந்தது.

"அப்பா, கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றான் அண்ணன்.

"தொண்ட கட்டிக்கிச்சுடா" என்று புத்தகத்தை நீட்டினார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். காலில் விழுகிற பழக்கமெல்லாம் அப்பாவுக்குப் பிடிக்காது. அன்றைக்குக் காலை விலக்காமல் நின்றார்.

பஸ் போனதும் நாங்கள் திரும்பி வந்தோம். ஆத்தா வாசலிலேயே நின்றிருந்தாள். "பின்னால இருந்து கூப்பிட்டீங்களா?" என்றாள்.

"கூப்பிட்டேன். கம்மாய்க்கு அந்தக் கரையிலயே கேட்டிருக்கும். ஒன்னும் ஆகல. நல்லபடியா பஸ் ஏறிட்டான்" என்றார் அப்பா. கூசாமல் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

ஆத்தா அவரை உட்கார வைத்து, ஊசியைக் கொண்டுவந்து, பாதத்திலிருந்த முள்ளை எடுத்தாள். கரைமேல் ஒரு கருவேலஞ்செடி கிடையாது. கண்மாய்க்குள் இறங்கினால்தான் அந்த முள் குத்தும். தினமும் அந்த வழியாகப் போய் வந்தவளுக்கு அது தெரியாதா?

பயணம் போனவர் போய்ச் சேருகிறவரை வீட்டைப் பெருக்கி, குப்பையை வெளியே தள்ளக் கூடாது என்பார்கள். மறுநாள் காலை ஆத்தா விளக்குமாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "பெருக்கலாமாங்க?"

"இதென்ன கேள்வி? வீடு நாறிக் கிடக்கு" என்று அப்பா விளக்குமாற்றைப் பிடுங்கித் தானே பெருக்கினார். அவர் விளக்குமாறு பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஏதோ பாட்டுக்கூட முனகினார். ஆனால் வாசலிலிருந்து உள்பக்கமாகப் பெருக்கினார். குப்பையைக் கூட்டிக்கொண்டுபோய், நெல் குதிருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் ஒதுக்கிவிட்டு வந்தார்.

மறுநாளிலிருந்து ஆத்தாதான் பெருக்கினாள். குதிருக்குப் பின்னால் போகும்போது அவள் விளக்குமாறு அந்தக் குப்பையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வரும். அன்றன்றைய குப்பையும் அதோடு போய்ச் சேர்ந்தது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா வழக்கம்போல் கேலி பேசிக்கொண்டிருந்தார். ஆத்தா வழக்கம்போல் சிரித்தாள். ஆனால் கிளம்பிப் போகிற யாரையும் அவர் பின்னாலிருந்து கூப்பிடவில்லை.

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன், சேர்த்துக்கொண்டார்கள், முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள் என்று அண்ணனிடமிருந்து கார்டு வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். ஆத்தா எழுந்து போய், குதிருக்குப் பின்னாலிருந்ததை முறத்தில் அள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

நாலு எட்டு வைத்திருப்பாள். "என்ன, எங்கிட்டுக் கெளம்பியாச்சு?" என்று பின்னாலிருந்து அப்பா கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

ஆத்தா முறத்தைப் பிடித்தபடி தெருவில் நின்று அழுதாள். மகன் போனதிலிருந்து அதுவரை அவள் அழவே இல்லை.