மாமா கட்டிய கணவாய்த் தூண்டில்

அந்தத் தூண்டில்கள் இப்போதும் என் கனவில் வருகின்றன. சாம்பல் நிறக் கடலுக்குள் சிவப்பாக மெல்ல மெல்ல இறங்குகின்றன. எதையும் பிடிப்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பலெர்மோ என்ற துறைமுக நகரில், போர்கோ வெக்கியோச் சந்தைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அம்மா வாயும் வயிறுமாக இருந்தாள். இறைச்சி மணமே அவளுக்கு ஆகவில்லை. கணவாய்க் கறிதான் வேண்டும் என்றாள். எங்களோடு இருந்த அவளுடைய தம்பி, என் மாமா, குறுக்கே விழுந்தார்.

"சந்தையில வாங்காதேங்கோ அக்கா. நான் துறைமுகத்தில உயிரோட பிடிச்சுக்கொண்டு வாறன்."

அப்பாவும் தலையாட்டினார். சமையல் விஷயத்தில் அப்பா கருத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தக் கிழமை மாமா மீசையையும் மழித்திருந்தார். வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா சிஞ்ஞோராவுக்கு மீசை பிடிக்காதாம்.

மாமா தூண்டில் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஈயத்தை விரல் நீளத்துக்குத் தட்டி, சிவப்பு நூல் சுற்றி, இரண்டு புறா இறகு கட்டுவார். அடியில் குண்டூசிகளை மேல்நோக்கி வளைத்து வட்டமாக வைப்பார். பழைய கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் கண் வைப்பது என் வேலை. பின்னேரம் துறைமுகச் சுவரில் இருந்து அதைத் தண்ணீருக்குள் ஆட்டுவோம். வெயில் அலையில் உடைந்து மிதக்கும். என் தூண்டில் இறால் போல ஆடும். நான் கதைக்கவே மறந்துபோவேன்.

பக்கத்துக் கிழவர்களின் வாளி நிறைந்தது. எங்களுக்கு நியெந்தே, ஒன்றும் இல்லை. மாமா கடலைக் குறை சொன்னார்.

"ஆடத் தெரியாதவன் மேடை கோணல் எண்டானாம்," என்றபடி அம்மா பருப்பைக் கிளறினாள்.

ஒரு நாள் கண்டுபிடித்தேன். மாமா குறட்டால் குண்டூசிகளின் கூர்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒரு கணவாயாவது என் கையால் பிடித்துக் கொடுக்க நான் தவம் கிடக்க, இந்த மனுசன் செய்யும் வேலை! எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மாட்டைச் சொல்லப்போறன்!"

"சொல்லாதை பிள்ளை. இன்னும் பத்து நாள். பிறகு கூரா வைப்பம்."

அவர் கண் கலங்கியிருந்தது. கணவாய்மேல் இரக்கமாக்கும் என்று எண்ணி, பெரிய மனது பண்ணி வாயை மூடிக்கொண்டேன்.

பதினோராம் நாள் ஊசிகள் கூராக மினுங்கின. தூண்டில் கயிறு என் கையில்தான் இருந்தது. பெரிய கணவாய், சட்டையெல்லாம் மை. அம்மா விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள். மாமா தன் சோற்றுக் கோப்பையைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி பிறந்து மூன்று மாதம் கழித்துத்தான் அப்பாவும் மாமாவும் அம்மாவிடம் சொன்னார்கள். ஊரில் அவளுடைய ஐயா, என் அம்மப்பா, இறந்துவிட்டார். மாமா மீசை மழித்த அந்தக் கிழமையே செய்தி வந்ததாம். வயிற்றுப் பிள்ளைக்காக மறைத்தார்களாம். எங்கள் ஆட்களுக்குச் சாவுத் துடக்கு என்னும் தீட்டு முப்பத்தொரு நாள்; அதுவரை மீனும் இறைச்சியும் ஆகாது. இதெல்லாம் நான் பிறகு அறிந்தவை.

அம்மா கதறி ஓய்ந்தபின் மாமாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா போய் எத்தினையாம் நாளடா எனக்குக் கணவாய் தந்தனீ?"

"முப்பத்திரண்டாம் நாள், அக்கா."

அம்மா அவர் கையை இழுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நானோ, அந்தக் கணவாயைப் பிடித்தது நான்தான் என்று ஒருவரும் சொல்லவில்லையே என்று மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.