எழுந்து போய் டீ குடிப்பவர்கள்

சகாயமேரிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஆரணிக் கடைத்தெருவில் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் அவளிடம் மனு எழுதி வாங்கிக்கொண்டு போனவர்கள்தான். தங்கவேலு பட்டுக்கடையில் கடிதப் போக்குவரத்து முழுவதும் அவள் பொறுப்பு. பெங்களூர் நூல் வியாபாரியை நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் தங்கவேலு முதலாளி கோபப்படுகிற வேலையைக்கூட அவளிடமே விட்டுவிடுவார். "எனக்குப் பதிலா நீயே கோவப்பட்டு எழுதிடு மேரிம்மா" என்பார். ஒரு பெண்ணுக்கு மேசை நாற்காலி போட்டு உட்காரவைத்த பட்டுக்கடை அன்றைக்கு அந்தத் தெருவில் அது ஒன்றுதான். எழுபதாம் ஆண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து முதலாளி மேல் அவளுக்கு நன்றி உண்டு. அந்த நன்றிதான் பிறகு அவளை வம்பில் மாட்டிவிட்டது.

எழுபத்தொன்பதில் வேலூர்ப் பேராசிரியர்கள் சிலர் கூடி, வட ஆர்க்காடு மாவட்டத்துக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவரக் கிளம்பினார்கள். பதிப்பாசிரியர் சிவப்பிரகாசம். ஊரூராக எழுதத் தெரிந்தவர்களைத் தேடியவருக்கு, ஆரணியில் மாதா கோயில் பங்குச் சாமியார் சொன்ன பெயர் சகாயமேரி. ஆரணிக் கோட்டை பற்றியும் கமண்டல நாகநதி பற்றியும் அவள் எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு, "அடுத்து உங்கள் ஊரின் பெரிய பட்டுக்கடைகள் இரண்டைப் பற்றியும் எழுதுங்கள்" என்று கேட்டுவிட்டார். ஒன்று தங்கவேலு கடை, மற்றது எதிர்வரிசையில் இருக்கும் இராஜமாணிக்கம் கடை. சகாயமேரி எங்கே சம்பளம் வாங்குகிறாள் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. அவர் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

முதலாளி தலைகால் புரியாமல் ஆடினார். "நம்ம கடயப் பத்தி நம்ம மேரிம்மாவே பொஸ்தகத்துல எழுதுது, இனிமே இன்னா வேணும்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஆனால் இப்படி எழுது, அதை விடு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை இங்கே சொல்லியாக வேண்டும். முதலாளி என்றாலே மிரட்டத்தான் செய்வார் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, எழுதியதைக் கணவனுக்குப் படித்துக் காட்டினாள். அடைக்கலசாமி கூட்டுறவுச் சங்கத்து நெசவாளி. பேச்சு குறைவு. தங்கவேலுவின் அப்பா ஒரே தறியோடு தொடங்கியது, கடை வளர்ந்தது, டில்லிக் கண்காட்சியில் பரிசு வாங்கியது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"நல்லாத்தான் கீது மேரி" என்றான். "ஆனா நம்ம அண்டா எங்க போச்சு?"

அவளுக்குச் சுரீர் என்றது. எழுபத்து நாலில் தங்கவேலு கடை நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தியபோது, தெருமுனையில் கஞ்சி காய்ச்சியது இவர்கள் வீட்டு அண்டாவில்தான். பகலில் முதலாளிக்காகக் கடிதம் எழுதிவிட்டு, சாயங்காலம் அதே அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தவள் அவள். அதன் அடியில் இன்னும் கரி இருக்கிறது. அப்படிப்பட்டவள் எழுதிய கட்டுரையில் வேலைநிறுத்தம் என்று ஒரு எழுத்து இல்லை. மறைக்கவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கை தானாகவே அதை ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது. அதுதான் அவளைக் கலங்க வைத்தது.

சரி, சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். சேர்த்துப் படித்தால் முதலாளி மேல் ஏதோ வஞ்சம் வைத்து எழுதியது போல இருந்தது. 'பெருந்தன்மையுடன் கூலியை உயர்த்தினார்' என்று மாற்றினால் பூசி மெழுகியது போல இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் இது நான் எழுதியதா, என் சம்பளம் எழுதியதா என்று சந்தேகப்பட ஆரம்பித்தாள். அப்படிச் சந்தேகம் வந்தபின் யார்தான் எழுத முடியும்?

"நீ இன்னாத்துக்குப் பேஜார் ஆவுறே?" என்றான் அடைக்கலசாமி. "சங்கத்துல பொடவைக்குத் தரம் பாக்குற மூணு பேர்ல நானும் ஒருத்தன். என் தறிப் பொடவ மேசைக்கு வந்தா இன்னா பண்றேன்? எழுந்து போய் டீ குடிக்கிறேன். மத்த ரெண்டு பேரு பாத்துச் சொல்றாங்க. என் பொடவ மட்டமா இருக்கும்னா போறேன்? நான் அங்க குந்திகினு இருந்தா, அது நல்ல பொடவயா இருந்தாலும் ஒருத்தனும் நம்பமாட்டான்."

மறுநாளே சிவப்பிரகாசத்துக்கு எழுதிப் போட்டாள். தங்கவேலு கடை எனக்குச் சோறு போடுகிற இடம், அதைப் பற்றி நான் எழுதுவது சரியில்லை. இராஜமாணிக்கம் கடைக் கணக்கர் பரசுராமன் நன்றாக எழுதுவார். அவர் எங்கள் கடையைப் பற்றி எழுதட்டும், அவர்கள் கடையைப் பற்றி நான் எழுதுகிறேன். எதிர்க்கடைக்காரர்கள் என்பதால் இரண்டையும் நெசவாளர்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எழுதியவர் எந்தக் கடையில் சம்பளம் வாங்குகிறார் என்பதையும் பெயருக்குக் கீழே அச்சிடுங்கள். பேராசிரியர் ஒப்புக்கொண்டார்.

தங்கவேலு முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. கடை அதிர்கிற மாதிரி கத்தினார். "கத்தியத் தூக்கி எதிர்க்கடைக்காரன் கையில குடுத்துட்டு, என் கழுத்தயும் நீட்டிட்டியே! உனக்கு நான் இன்னா கொற வெச்சேன்?"

"ஒரு கொறயும் வெக்கலீங்க. அதனாலதான் நான் எழுதக் கூடாது."

இந்தப் பதிலுக்கு அவளுக்குக் கிடைத்தது பின்கட்டில் புடவை மடிக்கிற வேலை. நாற்காலி போயிற்று, பாயில்தான் உட்காரவேண்டும். கடைத்தெருவே வாயில் போட்டு மென்றது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்ததாகச் சிலர் பேசினார்கள். அவளும் மனுஷிதானே, அழுதாள். ஆனால் வேலையை விட்டுப் போகவுமில்லை, எழுதிப்போட்டதை மாற்றிக்கொள்ளவுமில்லை.

பரசுராமன் தகவல் கேட்க வந்த அன்று, "அவனுக்குத் தண்ணிகூடக் குடுக்காதே" என்று முதலாளி உத்தரவு போட்டார். ஆனால் சொந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. அப்பாவின் ஒற்றைத் தறிக்கு வந்தபோது காபி வந்தது. டில்லிப் பரிசுக்கு வந்தபோது சூடாகப் போண்டா வந்தது. வேலைநிறுத்தத்துக்கு மட்டும் அவர் வரவேயில்லை. பரசுராமன் போண்டாவைத் தின்றுவிட்டு, நேராக நெசவாளர் தெருவுக்குப் போய்விட்டார். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. புத்தகம் அச்சாகிற வரையில் சகாயமேரியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எண்பத்து மூன்றில் வெளியீட்டு விழா ஆரணியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில் கடைக்காரர்கள், பின்னால் நெசவாளர்கள். சகாயமேரி கணவனோடு பின்னால்தான் உட்கார்ந்தாள். நாளைக்கு வேலை இருக்குமா என்பது அவளுக்கே தெரியாது. சிவப்பிரகாசம் புத்தகத்தைத் திறந்து, தங்கவேலு கடைப் பகுதியைப் படித்தார்.

"1974இல் கூலி உயர்வு கேட்டு இக்கடையின் நெசவாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர்."

முதலாளியின் கழுத்து சிவப்பது பின்வரிசைக்கே தெரிந்தது.

"உரிமையாளர் முதலில் மறுத்து, பின்னர் கேட்ட கூலியைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு பட்டுநூல் விலை ஏறி, எங்கள் கடை உட்பட ஊரின் பல கடைகள் தறிகளை நிறுத்தியபோது, இக்கடை ஒரு தறியைக்கூட நிறுத்தவில்லை. எழுதியவர், பரசுராமன், இராஜமாணிக்கம் பட்டுக்கடைக் கணக்கர்."

முதலில் கை தட்டியவர்கள் பின்வரிசைக்காரர்கள். எழுபத்து நாலில் கஞ்சி குடித்த அதே ஆட்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது, இராஜமாணிக்கம் உட்பட. தங்கவேலு முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. மேடை ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"தறிய நிறுத்தலன்னு நானே எட்டு வருசமா சொல்லிகினு கீறேன். பெருமை பீத்திக்கிறான்னு சிரிச்சாங்க. இன்னிக்கு எதிர்க்கடைக்காரரு சொன்னாரு, ஊரே நம்புது. மேரிம்மா, எங்க குந்திகினு கீறே? முன்னால வா. நாளைலேர்ந்து உன் நாற்காலி உனக்குத்தான்."

அவள் முன்னால் போனாள். நெஞ்சு நிமிர்ந்துதான் போனாள், ஏன் போகக் கூடாது? அவளுக்குப் பின்னாலிருந்து "அண்டா எங்க?" என்று யாரோ கத்த, நெசவாளர் கூட்டம் கொல்லென்று சிரித்தது. மறுநாளே முதலாளி அந்தப் புத்தகத்தில் ஒரு கட்டு வாங்கிவந்து, பெரிய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். வேலைநிறுத்த வரியை விடாமல் படிக்கச் சொன்னார். அது இருந்தால்தான் மற்றதையும் நம்புவார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

எண்பத்தாறில் ஆரணியில் பட்டுக் கண்காட்சி நடந்தது. சிறந்த புடவையைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேரில் தங்கவேலு முதலாளி ஒருவர், சங்கத்தின் சார்பில் அடைக்கலசாமி ஒருவன். சகாயமேரி வாசலில் வந்தவர்களுக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடைக்கலசாமியின் தறிப் புடவை மேசைக்கு வந்ததும் அவன் வழக்கம்போல எழுந்து, எதிரிலிருந்த டீக்கடைக்குப் போனான். அடுத்து வந்தது தங்கவேலு கடைப் புடவை. எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நீங்க ஜல்தியாப் பாருங்க. நா போய் டீ குடிச்சிட்டு வர்றேன்."

வெளியே வந்தவர் டீக்கடை பெஞ்சில் அடைக்கலசாமியைப் பார்த்துவிட்டு, "நீயும் இங்கதானா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சகாயமேரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தெருவைக் கடந்து போய், இரண்டு டீக்கும் அவளே காசு கொடுத்தாள்.