இன்னும் நாலு பேர்

முதலில் வலியே இல்லை. விழிதியூரில் கணவர் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடிவயிறு கல்லாக இறுகி, தானாகத் தளர்ந்தது. முதல் பிள்ளை, ஏழாம் மாதம். குழந்தை புரள்கிறது என்றார் மாமியார். மாலைக்குள் அடிக்கடி வரவே, காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

முன்கூட்டிய கருப்பைச் சுருக்கம் (நாள் நிறையுமுன்பே கருப்பை பிரசவத்துக்கு முறுக்கிக்கொள்வது) என்றார் டாக்டரம்மா. கருப்பையைத் தளர்த்தும் மருந்து கைநரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அந்த மருந்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எழுபதுகளின் கடைசி அது. கண்காணிக்க இயந்திரம் ஏது? நர்ஸ் என் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு மரக்குழலைப் பதித்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார்.

"இன்னும் ஒரு மாசமாவது உள்ள இருந்தாத்தான் பொழைக்கும். படுக்கைய விட்டு எறங்கவே கூடாது" என்றார் டாக்டரம்மா. நான் இறங்கவில்லை. சில நாட்களில் வயிறு அடங்கியது.

அதுதான் வினையாகிப்போனது. வளைகாப்புக்கு அந்த மாதத்தில் மிச்சமிருந்தது ஒரே முகூர்த்தம். எட்டாம் மாதத்தில் செய்ய மாட்டார்கள். ஒன்பதுக்குத் தள்ளினால் அதற்குள் பிள்ளை பிறந்துவிடுமே என்று பயம். பூவத்திலிருந்து என் அம்மா பட்டுப்புடவையோடு வந்துவிட்டாள். எதிலும் ஒத்துப்போகாத சம்பந்திகள் இதில் மட்டும் ஒன்றாக நின்றார்கள். டாக்டரம்மா கத்திப் பார்த்தார். எங்கள் பொறுப்பு என்றார் கணவர். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

கார் வைத்துத்தான் வீட்டுக்கு அழைத்துப்போனார்கள், அந்த மட்டுக்கும் கரிசனம். மணையில் உட்கார்ந்ததுமே இறுக ஆரம்பித்தது. ஊசி குத்திய கையில் பிளாஸ்திரி இருந்தது; அதன்மேலேயே வளையல் ஏறியது. அம்மாவின் காதில் சொன்னேன்.

"கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கடி. எல்லாரும் பாக்குறாங்க. இன்னும் நாலு பேருதான்."

நாலு பேரும் போட்டார்கள். ஆரத்தி எடுத்தார்கள். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கார்.

ஆண் குழந்தை. ஒரு ராத்திரி முழுக்க மூச்சுக்குத் தவித்தான். விடிந்தபோது இல்லை.

வளைகாப்பு வளையலைப் பிரசவம் பார்த்தவருக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் அதையும் விடவில்லை. சோப்பு போட்டுக் கழற்றி நர்ஸிடம் நீட்டினார். வயிற்றில் கைவைத்துக் காவல் காத்த அதே நர்ஸ். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இத நான் எப்புடிங்க போட்டுக்குவேன்?"

பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். வளைகாப்பு முதல் பிள்ளைக்குத்தானே, அந்த இரண்டு முறையும் என்னை நிம்மதியாகப் படுக்க விட்டார்கள்.

இதே இறுக்கத்தோடு இப்போது படுத்திருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்வேன். வயிறு அடங்கியிருந்தால், குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நீங்கள் படுத்திருப்பதால் அடங்கியிருக்கிறது. யார் பட்டுப்புடவையோடு வந்தாலும் எழுந்திருக்காதீர்கள்.

என் கருப்பையை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் விசேஷ வீடுகளில் கை தானாக வயிற்றுக்குப் போகிறது, இறுகுகிறதா என்று பார்க்க. கொஞ்ச நேரம்தானே என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நாலு பேர் வளையல் போட்டு முடிக்கிற நேரம்.