நாற்பத்தொன்றாம் பக்கம்

என் அக்காவை எல்லோரும் ஏஜெண்ட் என்றுதான் சொல்வார்கள். என்ன ஏஜெண்ட் என்று தெரிந்தவர்கள் குறைவு. மாடி வீட்டுக்காரர் இரண்டு முறை இன்சூரன்ஸ் பாலிசி பற்றி விசாரித்தார். எதிர்வீட்டு அம்மாள் மகளின் போட்டோவோடு வந்து, "நல்ல பையனா ஒண்ணு பாருங்களேன்" என்றாள். அக்கா செய்வது புத்தக ஏஜெண்ட் வேலை. எழுதுகிறவர்களிடம் கதையை வாங்கி, படித்து, தேறும் என்று பட்டால் பதிப்பகத்தில் இடம் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதிலும் அவள் பார்ப்பது காதல் கதைகளும் விறுவிறுவென்று ஓடும் ஜனரஞ்சக நாவல்களும் மட்டும்தான். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எழுதுகிறவர் ஒரு பக்கம், பதிப்பகத்தார் மறுபக்கம். இருபத்திரண்டு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

காதல் கதை என்றாலே படித்தவர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. எனக்கும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அக்காவிடம் வாயைக் கொடுத்து ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"நாள் பூரா நின்னு வேலை பார்த்துட்டு, கால் வலியோட வீட்டுக்குப் போறவ ஒருத்தி தன் காசுல வாங்கற புத்தகம்டீ அது. கடைசியில ரெண்டு பேரும் சேருவாங்கன்னு அவளுக்கு முதல் பக்கத்துலயே தெரியும். தெரிஞ்சும் பயப்படணும். அப்படி எழுதறது லேசுன்னு நினைச்சியா?"

அவளிடம் கதை கொண்டுவருபவர்களிடம் அக்கா கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அவனைப் பார்க்கறதுக்கு முன்னாடி அவளுக்கு என்ன வேணும்?" பாதிப் பேர் இதற்கே முழிப்பார்கள். அவர்கள் கதையில் அவள் நீலப் புடவை கட்டிக்கொண்டு, காற்றில் முடி பறக்க, அவன் வருவதற்காகவே காத்துக்கொண்டிருப்பாள். அடுத்து, ஒரு போன் செய்தால் தீர்ந்துவிடும் சண்டைக்கு எதற்கு முந்நூறு பக்கம் என்று கேட்பாள். அதோடு மீதிப் பேரும் எழுந்து போய்விடுவார்கள்.

இதெல்லாம் வாயால் சொல்லும் சட்டம். அவளுக்கென்று ஒரு ரகசியச் சோதனை இருந்தது. வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் பஸ்ஸில் நாற்பது நிமிஷம். தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் இறங்க வேண்டும். ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து கதைத்தாள் கட்டை எடுத்துப் படிக்கத் தொடங்குவாள். படிக்கிற சுவாரசியத்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டால் அந்தக் கதையை எடுத்துக்கொள்வாள். நேரத்துக்கு இறங்கிவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஆறு முறைதான் தவறவிட்டிருக்கிறாள். ஆறும் நன்றாக விற்றன. மற்றபடி அவள் விற்றதெல்லாம் பழைய ஆட்களின் அடுத்த புத்தகங்கள்தான். "நான் ஸ்டாப்பைத் தவறவிட்டேன்" என்று அவள் போனில் சொன்னால், பதிப்பகத்து ஆசிரியர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார்.

ஆனால் நான்கு வருஷமாக அவள் ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. தினமும் ஒழுங்காக இறங்கினாள். அதுதான் அவளை உருக்குலைத்தது. படிக்கிற ஆசையில் இந்தத் தொழிலுக்கு வந்தவள், படித்துப் படித்தே அலுத்துப்போனாள். கதை நன்றாக இல்லையா, தனக்குத்தான் ருசி செத்துவிட்டதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "இந்த வருஷத்தோட கடையைக் கட்டிடலாம்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டாள். மாமா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவர். எதையும் முடிவு வரும்வரை பேசாதவர். அன்றைக்கும் தலையைத்தான் ஆட்டினார்.

அந்தச் சமயத்தில் எனக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன். நான் தனிக்கட்டை, அக்கா வீட்டோடு இருப்பவள். கூட இருக்க அவளை விட்டால் யார்? கட்டில் பக்கத்தில், சாய முடியாத பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு ராத்திரி விழித்திருந்தாள். அங்கேயும் ஒரு நர்ஸ், ட்ரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டே, "மேடம், நானும் ஒரு கதை எழுதி வெச்சிருக்கேன்" என்றாள். ஊசி அவள் கையில் இருந்ததால் அக்கா மரியாதையாகப் பதில் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை என்னை வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, அப்படியே பஸ் ஏறினாள். கையில் இருந்தது ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண் எழுதிய நாவல். நாற்பது வயது தாண்டியவள். ஏற்கெனவே இரண்டு நாவல்கள் அனுப்பி, இரண்டும் திரும்பி வந்தும், அசராமல் மூன்றாவதை அனுப்பியிருந்தாள். கதாநாயகி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி, வாசலில் தன் பெயர் போட்ட பலகை, இதுதான் அவளுக்கு வேண்டும். அவளிடம் வருகிறான் ஒருவன். விபத்து ஒன்றுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குபவன். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? அவள் கால் அந்தப் பிரேக்கிலேயே இருக்கிறது. ஒருநாள் மேம்பாலத்து ஏற்றத்தில் கார் நின்றுவிடுகிறது. பின்னால் ஐம்பது வண்டிகள் ஹார்ன் அடிக்கின்றன.

பதினோரு மணிக்கு அக்கா எனக்குப் போன் செய்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது. "டீ, நான் எங்க இருக்கேன் தெரியுமா? பஸ் டெப்போல! தண்ணித் தொட்டி தாண்டி ஏழு ஸ்டாப் வந்துட்டேன்!"

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா அங்கிருந்தே கிளினிக்கைக் கூப்பிட்டு, "உங்க கதையில ஸ்டாப்பையே விட்டுட்டேன். புத்தகத்தை எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அங்கிருந்தே பதிப்பகத்து ஆசிரியரிடமும் சொல்லிவிட்டாள். அவர் உடனே அடுத்த சீசன் வெளியீட்டுப் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்கினார். சாயங்காலம் அக்கா கட்டிலில் உட்கார்ந்து எனக்கு அந்தக் காட்சியைச் சொன்னாள். கதாநாயகி காரைவிட்டு இறங்கிவிடுகிறாளாம். "நீங்களே ஓட்டுங்க" என்கிறாளாம். ஜன்னல் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, ஊர்ந்து போகும் காரோடு கூடவே ஏற்றத்தில் நடக்கிறாளாம். சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. பழைய அக்கா திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் பெண் பழங்களோடு வீட்டுக்கு வந்தாள். சந்தோஷத்தில் எங்கே உட்காருவதென்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் சமையலறை மேடையில் நின்றபடி எழுதியவளாம். விஷயம் தெரிந்ததும் கணவர் சாப்பாட்டு மேஜையில் பாதியைக் காலிசெய்து, ஒரு விளக்கும் வாங்கி வைத்திருக்கிறாராம். "மாமியார் கூட, 'எழுதும்மா, பாத்திரம் நான் பார்த்துக்கறேன்'னு சொல்லிட்டாங்க" என்றாள்.

"பின்னே? அவ இறங்கி, காரோட கூடவே நடந்து வர்றா பாருங்க, அந்த இடம் ஒண்ணு போதும்" என்றாள் அக்கா.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "அம்மா... அப்படி ஒரு இடம் நான் எழுதலையே."

இருவரும் கட்டைப் பிரித்துத் தேடினார்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் கார் நிற்கிறது. நாற்பத்திரண்டில் பின்னால் வந்த வண்டியிலிருந்து அவனுடைய பழைய காதலி இறங்குகிறாள். அவ்வளவுதான். அக்கா அசடு வழிந்தாள். "வேற எதோடயோ கலந்துட்டேன் போல" என்று சமாளித்தாள். அந்தப் பெண் போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் முடிச்சை அவிழ்த்தார். "என்னம்மா, உடம்பு தேவலையா? அன்னிக்கு அப்படித் தூங்கினீங்க. பேப்பர் மடியில, தலை கம்பியில. எழுப்ப மனசே வரல. டெப்போ வரைக்கும் விட்டுட்டேன்."

அக்கா அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். பேயறைந்த மாதிரி வந்து உட்கார்ந்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தூங்கியிருக்கிறாள். மீதியைக் கனவில் படித்திருக்கிறாள். எனக்குத்தான் குற்ற உணர்ச்சி பிய்த்துத் தின்றது. என் பித்தப்பைக்கு வேறு நாள் கிடைக்கவில்லையா?

அன்று பகல் முழுக்க மீதி இருநூற்றைம்பது பக்கத்தையும் அவள் விழித்திருந்து படித்தாள். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "நாப்பத்தொண்ணுக்கு அப்புறம் உயிர் இல்லடீ. பழைய காதலி, பணக்கார சித்தப்பா, ஞாபக மறதி. எல்லாம் இருக்கு, அவ மட்டும் இல்ல. அந்தப் பலகையையே மறந்துட்டா."

"சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதே" என்றேன். "யாருக்கும் தெரியாது. உன் கனவுல வந்ததை அவகிட்டச் சொல்லு, எழுதிடுவா. அவளுக்கும் மேஜை நிலைக்கும், உன் பேரும் நிலைக்கும்."

"என் சொந்த வரி ஒண்ணைக்கூட இன்னொருத்தர் புத்தகத்துல நான் வெச்சதில்ல" என்றாள். கோபமில்லை, களைப்புதான் அந்தக் குரலில் இருந்தது. உடனே பதிப்பகத்துக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஆசிரியர் முதலில் சிரித்தார். அப்புறம், "அப்போ பழைய ஆறும் எப்படின்னு நான் இனிமே யோசிக்கணும்ல?" என்றார். ஒதுக்கிய இடம் போயிற்று. இருபத்திரண்டு வருஷத்துப் பேச்சுக்கு இருந்த மதிப்பும் அதோடு போயிற்று. அக்கா போனை வைத்துவிட்டுக் கட்டைப் பையில் போட்டாள்.

கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"நான் உங்க கதையைப் படிச்சு ஸ்டாப்பை விடல. தூங்கிட்டேன். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில முழிச்சிருந்தேன். அவ நடந்து வர்ற இடம் என் கனவுல வந்தது. தப்பு என்னுது. பதிப்பகத்துலயும் சொல்லிட்டேன். அந்த இடம் இப்ப நமக்கு இல்ல."

"பதினேழு!" என்று கூப்பிட்டாள் அந்தப் பெண். குரல் உடைந்திருந்தது. பதினேழு உள்ளே போனார். "அப்போ கதை?"

"நாப்பத்தொண்ணு வரைக்கும் நல்லா இருக்கு. அப்புறம் இல்ல."

"மேஜையைக் காலிபண்ணிக் கொடுத்துட்டாரும்மா. நான் வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவேன்?" கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ள அங்கே பஞ்சுக்குப் பஞ்சமில்லை. துடைத்தாள். "பதினெட்டு!" அதற்குள் டாக்டர் மணி அடித்துவிட்டார்.

அக்கா தலை குனிந்து நின்றாள். எனக்கு அவளை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. பதினெட்டாம் ஆள் உள்ளே போனதும் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"தூங்கினது நீங்க. சரி. ஆனா கனவுல வந்தது யாரு?"

அக்கா நிமிர்ந்தாள்.

"என் ஆளுங்கதானேம்மா வந்தாங்க? இத்தனை வருஷத்துல எத்தனை ஆயிரம் கதை படிச்சிருப்பீங்க. வேற யாரோட ஆளுங்களாவது உங்க தூக்கத்துல எழுந்து நடந்திருக்காங்களா?"

யாரும் நடந்ததில்லை. அது அக்காவுக்குத் தெரியும். பையிலிருந்து கட்டை எடுத்து, நாற்பத்தொன்றுவரை பிரித்துக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். மீதியை அந்தப் பக்கம் தள்ளினாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும். கார் அங்கேயே நிக்குது. அவளுக்கு என்ன வேணும்னு நீங்க முதல் பக்கத்துலயே எழுதியிருக்கீங்க, அதைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கிளப்புங்க. நான் கனவுல கண்டதை மட்டும் எழுதக்கூடாது. இடம் கிடைக்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒருதடவை கொடுத்துக் கெட்டது போதும். வீட்டுல, மேஜை இன்னும் வேணும்னு சொல்லுங்க."

கடையைக் கட்டுகிற பேச்சை அக்கா தள்ளிப்போட்டாள். அவளுக்கு உற்சாகம் திரும்பிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். களைப்பு அப்படியேதான் இருந்தது. கண்டக்டரிடம் மட்டும், "தூங்கினா எழுப்பிடுங்க" என்று சொல்லி வைத்தாள். ஐந்து மாதம் போயிற்று. ஒருநாள் கிளினிக்கிலிருந்து புதிய கட்டு வந்தது. மறுநாள் காலை அதைப் பஸ்ஸுக்கு எடுத்துப்போனாள்.

சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "ஸ்டாப்பைத் தவறவிட்டியா?" என்று கேட்டேன்.

"எங்க விட்டாரு? தூங்கறேன்னு நினைச்சு, தோளைத் தட்டி இறக்கிவிட்டாரு அந்தக் கண்டக்டர். ஸ்டாப் பெஞ்சுலயே உட்கார்ந்து மீதியை முடிச்சுட்டுத்தான் ஆபீஸ் போனேன். மணி மூணு."

"கார் எப்படிக் கிளம்புது?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "என் கனவுல அவ இறங்கி நடந்தாள்ல? இதுல இறங்கவே இல்ல. அவன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கா. ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல மடிச்சு வெச்சுக்கறா. இனிமே பிரேக் அவளுக்கு எட்டாது. அது அவனுக்கும் தெரியுது. பின்னாடி ஹார்ன் அடிக்குது. பயத்துல அவ கண்ணை மூடிக்கறா. ஆனா காலைக் கீழே போடல."

தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன்.

"என்னுதைவிட இது நல்லா இருக்குடீ" என்றாள். கண் நிறைந்திருந்தது.

இருபத்திரண்டு வருஷம் மற்றவர்கள் கதையைச் சுமந்தவள் தனக்கென்று உண்டாக்கியது ஒரே ஒரு காட்சி. அதுவும் தூக்கத்தில். அதையும் டோக்கன் கொடுக்கும் பெண் ஒருத்தி சுலபமாக ஜெயித்துவிட்டாள். அக்காவுக்கு அதில் சந்தோஷம்தான். எனக்குத்தான் தாங்கவில்லை. "உன்னோடதும் நல்லாத்தான் இருந்துச்சு. அதை நீயே எழுதேன்" என்றேன்.

"எனக்கு எதுக்கு? காலையில ஆசிரியருக்குப் போன் பண்ணணும். ஸ்டாப் கதையெல்லாம் சொல்லப்போறதில்ல. நீங்களே படிச்சுப் பாருங்கன்னு கெஞ்சத்தான் போறேன்" என்றாள். சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள். செருப்போடு இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் மடித்து வைத்துக்கொண்டாள். நான் எழுப்பவில்லை.