மனைவி முடி வெட்டிக்கொண்டது

2024 ஜூன் 8, சனிக்கிழமை, காலை பத்து இருபது. வெயில் இல்லை, காற்றும் இல்லை. மழை வருவதாக மிரட்டிக்கொண்டே வராத புழுக்கம். அந்த நேரத்தில்தான் என் மனைவி, அறுபத்தெட்டு வயதில், எங்கள் ஜாசின் ஊர்க் கடைவரிசையில் ஒரு சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். என்னைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள்.

காரணம் அவளுடைய வலது தோள். ஏழு மாதமாகக் கை காதுக்கு மேல் எழவில்லை. இடுப்பு வரை கிடக்கும் முடியை அவளால் வாரவும் முடியாது, கொண்டை போடவும் முடியாது. அதனால் தினமும் நான் வாரினேன். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கோப்புக் கட்டிய கை இது. கொண்டை அதற்குப் பிடிபடவில்லை. நாள் தவறாமல் பதினெட்டு நிமிடமும் ஒரு சண்டையும். "மெதுவா இழுங்க, மாட்டு வாலா இது?" என்பாள்.

அந்த வேலை எனக்கு அறவே பிடிக்கவில்லை. வெட்டுவதும் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு அலோர் காஜாவில் என் அக்காவின் பேத்திக்குக் கல்யாணம். புருஷன் உயிரோடு இருக்கும்போது ஒருத்தி முடியைக் கத்தரித்துக்கொண்டு வந்தால் எங்கள் சனம் சும்மா விடாது. கல்யாணம் முடியட்டும் என்றேன்.

"அப்பா, நீங்க கட்டுற கொண்டையோட அம்மா வர்றதுக்கு, முடியே இல்லாம வரலாம் லா" என்றாள் மகள். அவள்தான் கார் ஓட்டுகிறவள். எனவே அவள் வைத்ததே சட்டம்.

சலூன்காரப் பெண் தமிழ்ப் பெண்தான், வாய் ஓயாதவள். கையை எவ்வளவு தூக்க முடிகிறது, மூக்குக்கண்ணாடி போடுவதுண்டா, தினம் தலைக்குக் குளிப்பதுண்டா என்று வைத்தியச்சி மாதிரி விசாரித்தாள். மகள் போனில் ஒரு படம் காட்டினாள்: நெற்றியில் முடி விழ, செம்பட்டைச் சாயம் பூசிய ஒரு தலை.

"அது வேணாம்க்கா. நெத்தியில முடி விட்டா தெனமும் ட்ரையர் பிடிக்கணும். ஆண்ட்டியால கை தூக்க முடியலயே. முகம் வேற உருண்டை. தாடையோட ஒரே மட்டமா வெட்டினா இன்னும் அகலமா தெரியும். மேல கொஞ்சம் தூக்கலா, பின்கழுத்துல ஒட்ட, காது பாதி மூடினாப்ல வெட்டிடலாம். சாயமும் வேணாம், நரையே அழகாத்தான் இருக்கு. துண்டால துவட்டி விரலால ஒதுக்கினா போதும்."

"விரலே போதும்னா உனக்கு எதுக்கு நாப்பது வெள்ளி கூலி?" என்றேன்.

"ஒதுக்கத்தான் விரல் போதும் அங்கிள். வெட்டப் போதாது லா."

என் மனைவி சிரித்தாள். மகளும் சிரித்தாள். இருபத்தைந்து நிமிடத்தில் ஏழு மாதச் சண்டை தரையில் கிடந்தது. அதைத் துடைப்பத்தால் கூட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். மனைவி கண்ணாடியைப் பார்த்து, இடக்கை விரலால் ஒருதரம் முடியை ஒதுக்கினாள். நன்றாகத்தான் இருந்தது. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

கல்யாண மண்டப வாசலில் பூத்தட்டோடு நின்றவள் என் அக்கா. வயது எழுபத்தொன்பது, நாக்குக்கு இன்னும் இருபதுதான். மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்தவள் செருக இடமில்லாமல் அப்படியே நின்றாள். என் மனைவியே அதை வாங்கி, இடக்கையால் காதுக்கு மேல் ஒரு கிளிப்பில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடா தம்பி, இவளுக்கு எங்க கட்டி? ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?"

"கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா."

"பின்ன புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப எதுக்குடா இந்தக் கோலம்?"

பின்னால் நான்கு பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். தோள்வலி என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் பத்துக் கேள்வி வரும். "வேண்டுதல்க்கா. அடுத்த மாசம் எனக்குக் கண் ஆப்பரேசன். நல்லபடியா முடியணும்னு முருகனுக்கு முடி குடுத்தா" என்றேன். ஆப்பரேசன் நிஜம், வேண்டுதல் பொய்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உடனே கண்ணைச் சுருக்கினாள். "சாமிக்குக் குடுத்த முடிக்குப் பின்கழுத்துல என்னடா ஷேப்பு? முருகனுக்குப் பாதி, சலூனுக்குப் பாதியா?"

நான்கு பெண்களும் சிரித்தார்கள். இருந்தாலும் செய்தி பந்தி முழுவதும் போய்விட்டது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பதினொரு பெண்கள் வந்து என் மனைவியின் கையைப் பிடித்து, புருஷன் கண்ணுக்காக முடியையே கொடுத்த மகராசி என்றார்கள். அப்போதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

திரும்பும் வழியில் டுரியான் துங்கால் ஊரைத் தாண்டியதும் அவள் மல்லிகையைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"பொய் சொல்ல வேற எதுவும் கிடைக்கலயா உங்களுக்கு? சாமி பேர்ல சொல்லியிருக்கீங்க. அதுவும் உங்க கண்ண வச்சு."

"சும்மா பேச்சுக்குச் சொன்னது."

"பேச்சுக்குன்னு முருகன்கிட்ட போய்ச் சொல்லுங்க. என் முடி குப்பைக்குப் போயிருச்சு. குடுத்ததா சொன்ன முடிய யாராச்சும் குடுத்தே ஆகணும்."

"அப்பாகிட்டதான் நெறைய இருக்கு லா" என்றாள் மகள், சாலையைப் பார்த்தபடி.

இருந்தது உண்மைதான். எழுபத்து மூன்று வயதில் வழுக்கை விழாத தலை. ஐம்பது வருடமாக இடப்பக்க வகிடு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தலைக்குக் கறுப்பு மை. படித்தவன் நான். கண் புரைக்குக் கடவுள் கணக்கு வைத்திருக்கிறார் என்று நம்புகிறவன் இல்லை. ஆனால் கத்தி படப்போவது என் இடக்கண்ணில். வலக்கண் ஏற்கெனவே மங்கல். நான்கு நாள் யோசித்தேன். நம்பாதவனுக்கும் கண் இரண்டுதான்.

அடுத்த சனிக்கிழமை, ஜாசினுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்துக் கோயிலில், பிளாஸ்டிக் முக்காலியில் குனிந்து உட்கார்ந்தேன். நாவிதர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். என் மனைவி எதிரே நின்று, காதோர முடியை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டே பார்த்தாள்.

"மேல கொஞ்சம் தூக்கலா விடச் சொல்லட்டுமா?" என்றாள்.

நாவிதர் என் தலையை இன்னும் குனிய வைத்தார். முடிந்ததும் அவளே இடக்கையால் மொட்டையில் சந்தனம் பூசினாள், வேண்டியதற்கு மேல் அழுத்தி.

இப்போது எங்கள் இருவருக்கும் சீப்பு தேவைப்படுவதில்லை. அந்த மாதத்து மை திறக்காமலே கிடக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சலூனுக்கு நாற்பது, நாவிதருக்கு இருபது, அர்ச்சனைத் தட்டு எட்டு, சந்தனம் ஐந்து, வெயிலுக்கு ஒரு தொப்பி பதினைந்து. ஆக மொத்தம் எண்பத்தெட்டு வெள்ளி.