டார்ச்சக்கா சுற்றிப் பார்த்தது

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டில் மட்டும் அது மாதம் ஒருமுறை தலைகாட்டும். மற்றபடி கேமரா லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் அந்தக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக அவள் டார்ச்சக்கா. முதலாளிக்கும் அக்கா, அவளைவிடப் பத்து வயது மூத்த வாடிக்கையாளருக்கும் அக்கா.

வேலை இதுதான். வாடகைக்குப் போன லென்ஸ் திரும்பி வந்ததும் தூசு ஊதி, இரண்டு பக்க மூடியையும் கழற்றி, வலது கண்ணுக்கு நேராகப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஈரமான இடத்துக்குப் போய் வந்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். முதலில் மெல்லிய புகை மாதிரி இருக்கும், பிறகு நூல் நூலாக ஓடும். சுத்தமாக இருந்தால் கொண்டுபோனவர் பெயருக்கு நேரே பேரேட்டில் முத்திரை விழும். பூஞ்சை இருந்தால் அந்த லென்ஸ் மூலையிலிருக்கும் தனி அலமாரிக்குப் போய்விடும், ஏனென்றால் பக்கத்து லென்ஸுக்கும் ஒட்டிக்கொள்ளும். அந்த அலமாரிக்குக் கடையில் ஆஸ்பத்திரி என்று பெயர். அங்கே போனது எதுவும் டிஸ்சார்ஜ் ஆனதில்லை. கொண்டுபோனவர் பெயருக்குக் கீழே பேரேட்டில் ஒரு சிவப்புக் கோடு விழும். அதற்கப்புறம் அவருக்கு நல்ல லென்ஸ் கிடையாது.

வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அக்கா சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. "எதையாவது பாத்ததும் கத்தாதே. லென்ஸைச் சுத்திப் பாரு. கறையும் கூடவே சுத்துனா லென்ஸ்ல இருக்கு. அசையாம நின்னா உன் மூக்குக் கண்ணாடில இருக்கு."

"காட்டைச் சுத்திப் பாக்கப் போறோம் அக்கா" என்று யாராவது குஷியாக வந்தால், "நானும் தினம் சுத்திப் பாக்கறேன், இந்த நாற்காலில இருந்தே" என்பாள். முதல் நூறு தடவை அவளுக்கே சிரிப்பு வந்தது.

மழைக்காட்டுக்குப் போகிறேன் என்று ஓர் ஆள் வந்து நின்றாலே அவளுக்கு இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும். எல்லாருக்கும் தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் அந்தப் பெரிய பீரங்கி லென்ஸ்தான் வேண்டும். முழங்கை நீளம், கைக்குழந்தை கனம். அவள் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்வாள். அங்கே நடுப்பகலிலேயே அந்தி மாதிரி இருக்கும், பீரங்கிக்குள் அவ்வளவு வெளிச்சம் போகாது, படம் பொரிப்பொரியாக வரும். பத்தடிக்கு மேல் இலைதான் தெரியும், இலைக்குப் பின்னால் இன்னொரு இலை தெரியும். வெளிச்சம் நிறைய வாங்குகிற சின்ன லென்ஸ் ஒன்று, பூச்சி தவளைக்குக் கிட்டப் போய் எடுக்க மேக்ரோ லென்ஸ் ஒன்று, போதும். அவர்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு, "இருந்தாலும் அந்தப் பெரிசையே குடுங்க அக்கா" என்பார்கள். போய்விட்டு வந்து, இலைக்கு நடுவே கரும்புள்ளி ஒன்றைக் காட்டி, அதுதான் குரங்கு என்று சத்தியம் செய்வார்கள்.

இத்தனைக்கும் அக்கா ஒரு காட்டையும் பார்த்ததில்லை. லென்ஸ் வளையத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சேறு, மூடிக்குள் செத்துக் கிடக்கும் எறும்பு, ஒருமுறை பை வாரில் காய்ந்திருந்த அட்டைக்கடி ரத்தம், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த காடு.

இந்த நாலு மாதத்தில் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. பதினோரு லென்ஸ். முதலாளி நல்ல மனுஷர்தான், ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, இந்த வருஷம் காடு பூராவும் நம்ம கடைக்குள்ள குடிவந்துருச்சா?"

"நான் என்ன பண்ணட்டும்? வாங்கிட்டுப் போறவங்களுக்குப் பொறுப்பு இல்ல. ஈரத்தோட பையில போட்டு மூடிடறாங்க."

"நீங்க சொன்னா சரி" என்று அவர் போய்விட்டார். இருபத்திரண்டு வருஷமாக அவள் சொன்னால் சரிதான். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் நாற்காலியே நின்றது.

அலுப்பு என்றால் அப்படியொரு அலுப்பு. சாயங்காலம் படியேறும்போது முழங்கால் கெஞ்சும். தெருவிளக்குகள் ஒவ்வொன்றும் பஞ்சு சுற்றியது போலத் தெரியும். மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துத் தலைப்பே நைந்துவிட்டது. வேலைக் களைப்பு, தூங்கினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தூங்கியும் பார்த்தாள், சரியாகவில்லை.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய அன்று கணக்கு வாத்தியார் வந்தார். அவரைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் சுருங்கியது. இரண்டு மாதம் முன்பு அவர் மேக்ரோ லென்ஸ் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய் வந்தவர். திரும்பிக் கொடுத்தபோது உள்ளே புகை. அந்த மனுஷர் கெஞ்சாத குறை. காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருந்தேன், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினேன் என்று என்னென்னவோ சொன்னார். எல்லாரும் சொல்வதுதானே என்று அக்கா சிவப்புக் கோட்டை இழுத்துவிட்டாள்.

இப்போது கையில் ஒரு பட்டியலோடு நின்றார். மரத்தவளைகளைக் கணக்கெடுக்கும் குழு ஒன்று பத்து நாள் காட்டுக்குள் போகிறது, இவரையும் படம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேக்ரோ வேண்டும். மூன்று நாளில் கிளம்ப வேண்டும்.

முதலாளி பேரேட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கோடு விழுந்திருக்கே சார். அக்கா என்ன சொல்றாங்களோ அதுதான்."

"தவளைக்கு மேக்ரோ இல்லாம நான் போயி என்ன பண்றது அக்கா? இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அன்னிக்கும் நான் பொய் சொல்லல."

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியைத் திறந்து அதே லென்ஸை எடுத்தாள். "பொய் சொல்லலியா? இங்க வாங்க. உங்க கண்ணாலயே பாருங்க."

வாத்தியார் பார்த்தார். டார்ச் அடித்துக் காட்டினாள். மறுபடி பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலியே அக்கா."

"சுத்திப் பாக்கணும் சார்" என்று பிடுங்கி வலது கண்ணில் வைத்தாள். இருந்தது, வெள்ளையாக, புகை மாதிரி. லென்ஸை மெதுவாகத் திருப்பினாள். புகை திரும்பவில்லை. இன்னும் திருப்பினாள். அசையாமல் அங்கேயே நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். அப்போதும் நின்றது.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் செய்யாத காரியமாக லென்ஸை இடது கண்ணுக்கு மாற்றினாள். உள்ளே ஒன்றுமே இல்லை. கழுவி வைத்தது போலச் சுத்தம்.

"தெரியுதா அக்கா?" என்றார் வாத்தியார்.

"நாளைக்கு வாங்க சார்" என்றாள்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின் அந்தப் பதினோரு லென்ஸையும் இடது கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டில் நிஜமாகவே பூஞ்சை ஓடியிருந்தது. மற்ற ஒன்பதும் கல்லுக்குண்டு மாதிரி ஆரோக்கியமாக இருந்தன. ஒன்பது லென்ஸ், ஒன்பது மனுஷர், ஒன்பது சிவப்புக் கோடு. கல்யாண வீட்டுக்குப் போய் வந்த லென்ஸில் இதே புகை தெரிந்தால் டார்ச் கூச்சம் என்று விட்டவள், காட்டுக்குப் போனது என்றதும் இந்த நாலு மாதமாகச் சுற்றிக்கூடப் பார்க்காமல் கோடு இழுத்திருந்தாள். சோற்று டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தாள்.

வீட்டுக்காரர் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். அவள் வீடு திரும்பியபோது அடுக்களையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். வாசலிலேயே செருப்போடு நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"நாலு மாசமா டாக்டரப் பாரு பாருன்னு சொன்னேன்" என்றார் அவர்.

"இப்ப அதைச் சொல்லிக் காட்டாதீங்க."

"சரி, சொல்லல. நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லிடு."

"சொன்னா அந்த நாற்காலில வேற ஆள் உக்காந்துருவாங்க. கண்ணு போன டார்ச்சக்காவ வெச்சு எவன் கடை நடத்துவான்?"

"சொல்லலேன்னா?"

அவள் செருப்பைக் கழற்றினாள். "வாத்தியாருக்குக் காடு இல்ல" என்றாள்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் கைப்பையை வாங்கி ஆணியில் மாட்டினார். இந்த வயதில் புதிதாக வேலை தேடி எந்தக் கடைப்படி ஏறுவது என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. கூடவே, வாத்தியார் முகமும் அகலவில்லை.

மறுநாள் வாத்தியார் கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். அக்கா முதலாளியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "லென்ஸ்ல ஒண்ணுமில்ல. என் வலது கண்ணுலதான் புகை. ஒம்பது பேரைத் தப்பாச் சொல்லிட்டேன். சாரும் அதுல ஒருத்தர்."

முதலாளி அவளையும் ஆஸ்பத்திரியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நாலு மாசமா கண்ணு தெரியாமயா முத்திரை குத்திட்டு இருந்தீங்க?"

"ஆமா."

வாத்தியார் உடனே ஒன்றும் பெருந்தன்மை காட்டிவிடவில்லை. "அன்னிக்கு என் பொண்ணும் கூட வந்திருந்தா அக்கா. அவ முன்னாடி பொறுப்பில்லாத ஆளுன்னு சொன்னீங்க."

"சொன்னேன். தப்பு என்மேலதான். பொண்ணக் கூட்டிட்டு வாங்க, அவ முன்னாடியும் சொல்றேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா பேரேட்டை இழுத்து, அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் குறுக்கே அடித்துத் தன் கையெழுத்தைப் போட்டாள். மற்ற எட்டையும் அப்படியே அடித்தாள். பிறகு மேக்ரோவை எடுத்து வைத்தாள். வெளிச்சம் நன்றாக வாங்குகிற சின்ன லென்ஸ் ஒன்றையும் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டு போதும் சார். தங்கற எடத்துல ஏசி இருந்தா லென்ஸை அந்த ரூமுக்குள்ள வெக்காதீங்க. வெளிய எடுத்ததும் வேர்த்துடும், தவளை உங்களுக்காக அரை மணி நேரம் காத்திருக்காது."

வாத்தியார் மேலே அலமாரியைப் பார்த்தார். "இருந்தாலும் அந்தப் பெரிசு ஒண்ணு..."

அக்கா பார்த்த பார்வையில் அவர் பையை மூடிக்கொண்டார்.

முதலாளி அவளை வெளியே அனுப்பவில்லை, ஆனால் நாற்காலியில் உட்கார வைக்கவும் இல்லை. லென்ஸ்களைப் பின்னறையில் பழுது பார்க்கும் மெக்கானிக் பார்த்தார். அக்கா ஓர் ஓரத்தில் உட்கார்ந்து மூடிகளைத் துடைத்தாள், பை வார்களைக் கழுவிக் காயப்போட்டாள். "அக்கா சொன்னா சரி" என்று அந்த வாரம் முழுக்க யாரும் சொல்லவில்லை. அது காதில் விழாததே பெரிய களைப்பாக இருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு. புரை என்றாள், எடுத்துவிட்டு உள்ளே ஒரு லென்ஸ் வைக்கலாம் என்றாள். "தூரத்துக்கு வெக்கணுமா, கிட்டத்துக்கா? தூரம் தெளிவா இருந்தா படிக்கக் கண்ணாடி போட்டுக்கணும். கிட்டத்துக்குன்னா வெளிய போகக் கண்ணாடி. பெரும்பாலும் எல்லாரும் தூரம்தான் கேப்பாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் பெரிசையே கேட்கிறார்கள்.

"கிட்டத்துக்கு வெய்யுங்கம்மா. ஒண்ணரை சாண்ல தெரியணும்."

"பஸ் நம்பர யாரு படிப்பா?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க எதுக்கு இருக்கீங்க?"

அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம் முதலாளி அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஒரு நிபந்தனை. அவள் பார்த்த ஒவ்வொன்றையும் மெக்கானிக் இன்னொரு தரம் பார்ப்பார். அவளுக்கு வலித்தது. ஆனால் நியாயம் என்றும் தோன்றியது. சரி என்றாள்.

அன்று சாயங்காலமே வாத்தியார் வந்தார். பத்து நாள் ஒரு மாதமாக நீண்டுவிட்டதாம், முகமெல்லாம் கொசுக்கடி. பையைத் திறந்து மேக்ரோவை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா மூடிகளைக் கழற்றினாள். டார்ச் அடித்தாள், வலது கண்ணில் வைத்தாள், மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். பிறகு இன்னொரு சுற்று. ஓரத்தில் ஒரே ஒரு தூசு, அதுவும் லென்ஸோடு சேர்ந்து ஒழுங்காகச் சுற்றியது.

"சுத்தமா இருக்கு சார்" என்றாள்.

முதலாளி பின்னறைப் பக்கம் திரும்பி, "இங்க வாப்பா, இதையும் ஒருதரம் பாத்துடு" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"எதுக்கு சார்?" என்றார் வாத்தியார். "அதான் அக்கா சுத்திப் பாத்துட்டாங்களே."

முதலாளி பின்னறைப் பக்கம் கையை அசைத்து, வேண்டாம் என்று காட்டினார். பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்த மெக்கானிக் திரும்பி உள்ளே போனார். அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேரேட்டை இழுத்து வாத்தியார் பெயருக்கு நேரே முத்திரையைக் குத்தினாள். அது கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.